அக்கா திருப்பிப் போட்ட சங்கு

எங்கள் அபார்ட்மென்ட்டில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டார்கள். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேரில் நான் அவளிடம் "அக்கா, வாங்க, உட்காருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. வரட்டும். இத்தனை வருடம் ஆகியும் கோபம் ஆறவில்லை, மரியாதை மட்டும் எங்கிருந்து வரும்?

மௌலா அலி ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்து அபார்ட்மென்ட்டில் நாங்கள் இரண்டாவது மாடி. அக்கா மூன்றாவது மாடி, எங்கள் தலைக்கு நேர் மேலே. என் கணவருக்கு இங்கே ஒரு மத்திய அரசு ஆலையில் வேலை கிடைத்ததால் நாங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்தோம். அக்கா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் வந்த குடும்பம். தமிழில் பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் ஆமாம் என்பதற்கு ஒரு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு ஒரு 'நக்கோ', பிறகு ஒரு முழு வாக்கியம் தெலுங்கில். முதலில் எனக்குப் பாதிதான் புரிந்தது.

குடிவந்த அன்று பால் காய்ச்ச வேண்டும். புதுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஸ்டவ் முன்னால் நின்றிருந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே வந்தவள் தான் யாரென்றுகூடச் சொல்லவில்லை. "கிழக்க பாத்து நிக்கணும்மா, குடு இங்க" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தபோது நான் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். என் கணவர் போட்டோ எடுத்தார். எங்கள் வீட்டில் பால் காய்ச்சியது யார் என்று கேட்டால், அந்தப் போட்டோவைக் காட்டி, மேல் வீட்டு அக்கா என்றுதான் சொல்ல வேண்டும்.

குடு இங்க. இந்த இரண்டு வார்த்தைதான் அவள். மற்றதெல்லாம் அதற்கு மேலே போர்த்திய புடவை.

கேஸ் ட்யூப் மாட்டத் திணறினால் குடு இங்க. குழந்தை அழுதால் குடு இங்க. மாமியாரோடு போனில் வாக்குவாதம் முற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், என் காதிலிருந்தே போனை உருவிக்கொண்டு, "அம்மா, நான் மேல் வீட்டுலேர்ந்து பேசறேன், உங்க மருமக தங்கமான பொண்ணு" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் சமாதானம் செய்துவைத்தாள். நான் சமாதானம் கேட்கவில்லையே. பத்து வருடமாக மனதில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொல்ல ஆரம்பித்திருந்தேன். மாமியார் அடுத்த மாதம் வந்தபோது எனக்கு ஒரு புடவை, அக்காவுக்கு ஒரு புடவை. அக்காவுடையது நல்ல புடவை.

இப்படிச் சொன்னால் நான் நன்றி கெட்டவள் என்று நினைப்பீர்கள். பரவாயில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவருக்கு டெங்கு வந்து ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனபோது, தெலுங்கு தெரியாமல் நான் முழித்துக்கொண்டு நின்றேன். ரத்தம் கொடுக்க ஆள் பிடித்தது அக்கா. ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்தது அக்கா. என் பெண்ணைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் அனுப்பியதும் அக்கா. இதை மறந்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் அந்த டாக்டர் ஒரு நாள்கூட என்னிடம் பேசவில்லை. அவளிடம்தான் பேசினார். என் புருஷனுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதை நான் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வாட்ச்மேனின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவளும் அவள்தான். ஆண் குழந்தை. வார்டிலேயே பேரும் வைத்துவிட்டாள். கட்டடமே கைதட்டியது. கொஞ்ச நாள் கழித்து மாடிப்படி கழுவிக்கொண்டிருந்த அந்தப் பெண், குழந்தையை வேறு ஏதோ பேர் சொல்லிக் கொஞ்சினாள். நான் கேட்டேன். அது அவளும் புருஷனும் முன்பே யோசித்து வைத்திருந்த பேராம். மேலே பார்த்துவிட்டு, மேல் வீட்டு அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றாள். நல்ல அம்மா, பாவம், என்றும் சொன்னாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ராமச்சந்திராபுரத்தில் இருக்கிற பெரிய தொழிற்சாலையில் டிராயிங் ஆபீஸில் டிரேசராக இருந்தவள் அவள். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்டுக் கொடுக்கிற இயந்திரப் படத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, மையால் படி எடுக்கிற வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகு அவளை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே போல்ட்டும் நட்டும் எண்ணப் பிடிக்காமல் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பையன் பெங்களூரில். கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார், அவருக்குத் தோசையைப் பிய்த்துக்கூட வைப்பாள். டிராயிங் ஆபீஸிலிருந்து அவளோடு வந்தது ஒரு பழக்கம்தான். பர்ஸில் காகிதம் சுற்றிய அரை பிளேடு ஒன்று எப்போதும் இருக்கும். தப்பாக விழுந்த மைக்கோட்டைத் தாள் கிழியாமல் சுரண்டி எடுப்பதற்கு அதுதான் ஆயுதமாம். இப்போது கோடு ஏது? என் சமையலறைக்கு வந்தால் டப்பாக்களில் ஒட்டியிருக்கிற விலைச்சீட்டை எல்லாம் சுரண்டிக்கொண்டே பேசுவாள். சுரண்டிய தடமே தெரியாது. கை அப்படி.

அந்தக் கையை நான் முதலில் பார்த்தது என் பெண்ணின் சார்ட்டில். இரண்டாம் வகுப்பு. ஒரு செடி வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். பெண் வரைந்திருந்த செடி கொஞ்சம் சாய்ந்து, வேர் எல்லாம் நூடுல்ஸ் மாதிரி இருந்தது. அக்கா பார்த்தாள். வேறென்ன, குடு இங்கதான். மறுநாள் பள்ளியில் முதல் பரிசு. பெண் அந்தச் சான்றிதழை என் கையில் கொடுத்துவிட்டு, "தட்ஸ் நாட் மைன், ஆன்ட்டீஸ்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். நான் அதை ஒட்டவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. பீரோ மேல் தூக்கிப் போட்டேன்.

இனிச் சங்குக்கு வருகிறேன்.

நான் தூத்துக்குடியில் விலங்கியல் படித்தவள். படிப்பு சுமார்தான். ஆனால் ரெக்கார்ட் நோட்டில் படம் போடுவது என்றால் வகுப்பில் பாதிப் பேருக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, ஊர் மாறி, பென்சிலைத் தொட்டே வருடக்கணக்காகியிருந்தது. பேகம்பேட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான இயற்கைக் கையேடுகள் போடுகிற ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது, சிப்பி, சங்கு பற்றிய புத்தகத்துக்குப் படம் வரைய ஆள் தேடுகிறார்கள் என்று என் கணவரின் நண்பர் ஒருவர் மூலம் தெரிந்தது. போனேன். பொறுப்பில் இருந்த தெலுங்கு மேடம் என்னைப் போலவே இன்னும் இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு சங்கைக் கொடுத்து, மூன்று வாரத்தில் ஒரே ஒரு படம் வரைந்து கொண்டுவாருங்கள், பிடித்தால் மொத்தப் புத்தகமும் உங்களுக்கு என்றார். பேருந்தில் அந்தச் சங்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது கிடைத்தால் எனக்கென்று ஒரு வேலை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா, மேல் வீட்டு அக்காவுக்குக் கீழ் வீட்டுப் பெண் என்பதெல்லாம் போக, என் கையால் நான் செய்கிற ஒன்று. அப்போது எனக்கு வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

தூத்துக்குடிக்காரிக்குச் சங்கு என்ன பெரிய விஷயம் என்று கணவர் கேலி செய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சங்கை எதிரில் வைத்துக்கொண்டு முதல் நாள் வரைந்த படம், காலண்டர் சாமி கையில் இருக்கிற சங்கு. எதிரில் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. மண்டையில் இருந்ததைப் போட்டிருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது படத்தில் மோதிரங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல் வந்தது. அதுவும் தப்பு. சங்கில் அடுக்கே கிடையாது. ஒரே ஒரு குழாய், தன்னைத் தானே அணைத்துக்கொண்டு, சுற்றச் சுற்றப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. சுற்றும் சுற்றும் சேர்கிற இடத்தில் மெல்லிய தையல் ஓடுகிறது. உச்சியில் விரல் நகத்தை வைத்து அந்தத் தையலிலேயே போனால், எங்கும் விடாமல் வாய் வரைக்கும் வந்துவிடலாம். இதைக் கண்டுபிடித்த அன்று சாதம் அடிப்பிடித்தது தெரியாமல் அதையே தடவிக்கொண்டிருந்தேன்.

மேடம் சில விதிகள் சொல்லியிருந்தார். உச்சி மேலே இருக்க வேண்டும். வாய் நம்மைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்துதான் விழ வேண்டும், எந்தப் படமானாலும். நிழலைத் தீற்றக் கூடாது, புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். நான் சமையல் மேடையில் மேஜை விளக்கை இடப்பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். சங்கின் வாய் கறுப்பு என்றுதானே நினைப்போம்? கறுப்பே இல்லை. வெளிச்சம் உள்ளே போய், வளைவில் தேய்ந்து, பழுத்த பப்பாளி நிறமாகத் திரும்பி வந்தது. அதைக் கறுப்பு மையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? புள்ளிகளைக் குறைத்தால்தான் முடியும். எங்கே விடுகிறோம் என்பதுதான் வேலை. எங்கே போடுகிறோம் என்பதல்ல. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே தப்புத் தப்பாகப் போட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு அழுகைதான் வருகிறது. கோபத்தில் வருகிற அழுகை.

அக்கா பார்க்காமல் இருப்பாளா? ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்தவள் மேஜைக்கு அருகில் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பர்ஸைத் திறந்தாள். "குடு இங்க, இந்த ஓரம் நடுங்குது" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் தாளின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன். "நக்கோ அக்கா. இதை மட்டும் நானே செய்யுதேன்" என்றேன். நக்கோ என்று அவள் பாஷையிலேயே சொன்னால் கோபிக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "ஹவ் ஹவ், உன் வேலை, நீயே பண்ணு" என்று சொல்லிவிட்டு, கறிவேப்பிலையை வாங்காமலே போனாள்.

பென்சிலில் படம் முடிந்தது. மை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலையில் உட்காரலாம் என்று இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன். பெண்ணுக்குக் காய்ச்சல், வந்து அழைத்துப் போங்கள். அன்றைக்கென்று கேஸ் சிலிண்டர் வருகிறது. சாவியை மேலே கொடுத்துவிட்டு ஓடினேன். பெண்ணை டாக்டரிடம் காட்டி, ரத்தம் எடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, சாயங்காலம் வந்து சேர்ந்தால் சிலிண்டர் மாட்டியிருந்தது. வீடு பெருக்கியிருந்தது. மேஜை துடைத்திருந்தது. சங்கைக் காணோம். மை ஏற்றாத என் பென்சில் படம் மட்டும் ஓரமாக, மேலே தட்டு வைத்து, பத்திரமாக இருந்தது.

மேலே ஏறினேன். அக்கா வெளியே போய் வந்த புடவையைக்கூட மாற்றவில்லை. முகமெல்லாம் சிரிப்பு. குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும்போது நீ எங்கே மை ஏற்றப் போகிறாய், அதனால் நானே முடித்துவிட்டேன், பேகம்பேட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டும் வந்துவிட்டேன், சங்கையும் திருப்பிக் கொடுத்தாயிற்று, நீ நிம்மதியாகப் பெண்ணைப் பார் என்றாள். என் படத்தை நான் பார்க்கவே இல்லை என்றேன். பார்க்க வேண்டியதில்லை, உன் படம்தான், ஒரு கோடு மாறவில்லை என்றாள்.

மறுநாள் மேடம் போன் செய்தார். மை ஏற்றியிருக்கிற விதம் ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் நாங்கள் கொடுத்த சங்கு இது இல்லையே என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுருள் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது, வெளிச்சமும் வலப்பக்கத்திலிருந்து விழுகிறது, ஏதாவது போட்டோவைத் திருப்பிப் போட்டுப் பார்த்து வரைந்தீர்களா என்று கேட்டார். குரலில் திட்டு இல்லை. ஏமாற்றம் இருந்தது. பிள்ளைகளுக்கான கையேட்டில் சங்கு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதே தப்பாக இருந்தால் எப்படி அம்மா என்றார். வேறொருவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மென்மையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டே படியேறினேன். கேட்டேன். அவள் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை.

"ஹவ், நான்தான் திருப்பினேன். முதல் வேலை, வலம்புரியா இருக்கட்டும்னு."

கடலில் எடுக்கிற சங்கெல்லாம் அநேகமாக ஒரே பக்கம்தான் சுருளும். அபூர்வமாக ஒன்று எதிர்ப்பக்கம் சுருளும். அதுதான் வலம்புரி. பூஜையில் வைத்தால் லட்சுமி வருவாள் என்று ஊரே தேடி அலையும். என் பென்சில் படத்தைப் பார்த்தவுடனே இது சாதாரணச் சங்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தாளைக் குப்புறப் போட்டு, பால்கனிக் கண்ணாடியில் ஒட்டவைத்து, வெயில் பின்னாலிருந்து வர, பின்பக்கமாகத் தெரிந்த என் கோடுகளின்மேல் புதுத் தாளை வைத்து மையால் படி எடுத்திருக்கிறாள். கண்ணாடியில் முகம் பார்ப்பது போல் எல்லாமே இடம் மாறிவிட்டது. சுருளும் மாறியது, வாயும் மாறியது, நான் மூன்று வாரம் விளக்கைத் தூக்கி வைத்துப் பிடித்த வெளிச்சமும் மாறியது. ஒரு புள்ளி பிசகவில்லை. அத்தனை சுத்தமாக என் படத்தைப் பொய்யாக்கியிருந்தாள்.

நான் கத்தினேன். இந்தக் கட்டடத்தில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டார்கள். உங்களை யார் தொடச் சொன்னது, வேண்டாம்னு கையை வைத்து மறைத்தேனே, கண் இல்லையா என்றேன். அவளுடைய கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அக்கா அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ எழுந்து செருப்பைத் தேடினாள். நானே போய் அந்த மேடத்திடம் பேசிவிட்டு வருகிறேன் என்றாள். போகக் கூடாது என்றேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதையாவது என்னிடம் விடுங்கள், நானே பேசிக்கொள்கிறேன் என்றேன்.

போனாள்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்து எங்கள் கதவைத் தட்டினாள். கையில் ஒரு டப்பா ஸ்வீட். தப்பு தன்னுடையது, கீழ் வீட்டுப் பெண் சரியாகத்தான் வரைந்திருந்தாள் என்று ஒப்புக்கொண்டாளாம். அப்படியானால் மை ஏற்றியது யார் என்று மேடம் கேட்டாராம். நான்தான் என்றாளாம். உட்காருங்கள் என்று வேறொரு சங்கைக் கொடுத்து, அங்கேயே ஒரு பகுதியை வரையச் சொல்லிப் பார்த்தாராம்.

"வேலை கெடச்சிடுச்சும்மா. முழு புக்கும். நீ பென்சில்ல போடு, நான் இங்க் ஏத்தறேன். ரெண்டு பேரும் பண்ணலாம்."

ஸ்வீட் டப்பாவை நீட்டிக்கொண்டு நின்றாள். என் வேலை போயிற்று என்று சொல்லவில்லை. தனக்குக் கிடைத்தது என்றும் சொல்லவில்லை. எனக்கு ஏதோ வாங்கிக்கொண்டு வந்தவள் மாதிரி நின்றாள். கொடுமை என்னவென்றால், உண்மையாகவே அவள் அப்படித்தான் நினைத்தாள்.

வேண்டாம் என்றேன். நான் பாதி வரைந்து, அவள் மீதி வரைந்தால், எது யாருடைய கோடு என்று எனக்கே தெரியாமல் போகும். என் பேரில் எப்போதும் ஒரு ஓரம் நடுங்கும், அதை அவள் சரி செய்துகொண்டே இருப்பாள். கணவர் சொன்னார், அவங்கதான் கூப்பிடுறாங்களே, வீம்பு எதுக்கு என்று. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், உனக்காகத்தானே அலையுறாங்க பாவம் என்று. பாவமாம். எல்லோருக்கும் அவள்தான் பாவம். ஒருத்தருக்காவது என்னைப் பார்த்து அந்த வார்த்தை வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் என் தலைக்கு மேலே அவள் வரைந்துகொண்டிருந்தாள். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்கும். சங்கு, சோழி, கிளிஞ்சல் என்று பேகம்பேட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். படியில் பார்த்தால் பேசுவாள், நான் தலையை ஆட்டிவிட்டு நகர்வேன். முடித்த படங்களை வந்து பார் என்று பலமுறை கூப்பிட்டாள். போகவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த ஒரு வருடம் அவள் யார் கையிலிருந்தும் எதையும் வாங்கவில்லை. வாட்ச்மேனின் மனைவியேகூடக் கேட்டாள், அம்மாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகியபோது அபார்ட்மென்ட்டே அவளைத் தேடியது. அவளுக்கு நேரமில்லை. கன்னம் பூரித்து, கண்ணாடி மாற்றி, பத்து வயது குறைந்தவள் போல் இருந்தாள். அதைப் பார்த்து என் வயிறு எரிந்தது.

புத்தகம் வந்தது. பள்ளியிலிருந்து என் பெண்ணே ஒன்று வாங்கி வந்தாள். "மம்மி, யுவர் நேம்!" என்றாள். நம்பவில்லை. வாங்கிப் பார்த்தேன். உள்ளே முதல் பக்கத்தில், ஓவியங்கள் என்று போட்டு, முதலில் என் பேர். அதற்குக் கீழே அவள் பேர்.

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். எல்லாச் சங்கும் சரியான பக்கம் சுருண்டிருந்தது. எல்லாவற்றிலும் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுந்தது. எதிலும் என் கோடு ஒன்றுகூட இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்து கைகொடுத்தார்கள். என் கணவர் ஆபீஸில் காட்டுவதற்குப் போட்டோ எடுத்துக்கொண்டார். நான் வரையவில்லை என்று சொன்னேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்தார்கள். சாயங்காலத்துக்குள் நான் செய்யாத வேலைக்கு நன்றி சொல்லிச் சொல்லி வாய் கசந்துவிட்டது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் சிரித்தாள். உன் பேரை முதலில் போடச் சொன்னேன், மேடம் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்றார்கள், சண்டை போட்டு வாங்கினேன் என்றாள்.

"நான் வரையாததுக்கு என் பேர் எதுக்குக்கா?" என்றேன்.

"உனக்குன்னு வந்த வேலைடி. நான் மட்டும் வெச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

அப்படியென்றால் என் வேலையை எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. இவளுக்கு ஒன்றும் புரியாது, வெகுளி, நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு செய்கிறவள் என்றுதான் நானும் அதுவரைக்கும் என் கோபத்துக்குக் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். அதுவும் போயிற்று.

"திருப்பிக் குடுக்கணும்னு தோணிச்சுன்னா வேலையல்லா குடுத்திருக்கணும்? பேரை வச்சு நான் என்ன செய்ய?" என்றேன்.

அவள் கை நின்றது. அவரைக்காயைத் தட்டில் போட்டாள். அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கே வேணும்போல இருந்துதுடி. உன் மேஜையில அந்தப் படத்த பாத்ததுலேர்ந்து."

எனக்கு வேண்டும் என்று அவள் வாயால் நான் கேட்டது அது ஒன்றுதான். இத்தனை வருடம் பாத்திரம், போன், பிள்ளை, பேர் என்று எத்தனையோ பேர் கையிலிருந்து வாங்கியிருக்கிறாள், ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. உனக்காக, குழந்தைக்காக, நல்லதுக்காக என்றுதான் சொல்லியிருக்கிறாள். ஒரு தாளையும் பேனாவையும் எனக்கு வேண்டும் என்று கேட்பதற்கு அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்கிறது. உதவி செய்கிறேன் என்று சொன்னால்தான் அவளுக்கு எதையும் கையில் எடுக்கவே முடிந்திருக்கிறது.

இந்த இடத்தில் என் மனம் இளகியிருக்க வேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இளகவில்லை. கோபம் இரண்டு மடங்காயிற்று. என்னிடம் சொல்லியிருக்கலாமே? எனக்கும் வேணும்டி என்று அந்தக் கறிவேப்பிலை நாளிலேயே சொல்லியிருந்தால், நான் இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளியிருப்பேன். இரண்டு பேரும் அந்த ஒரே சங்கை எதிரும் புதிருமாக உட்கார்ந்து வரைந்திருப்போம். பேகம்பேட்டுக்கு ஒரே பஸ்ஸில் போய், இரண்டு படத்தையும் மேடம் மேஜையில் வைத்திருப்போம். அவள்தான் ஜெயித்திருப்பாள். எனக்குத் தெரியும், அவள் கோடு என் கோட்டைவிடச் சுத்தம். நான் தோற்றுப்போய், ஒரு வாரம் அழுது, பிறகு மேலே ஏறிப் போய் அவளிடமே காபி வாங்கிக் குடித்திருப்பேன்.

தோற்பதற்குக்கூட என்னை விடவில்லை அவள்.